தொட்டியில் திமிங்கிலம், கல்லாவில் காசு

தென்பெண்ணையாறு கர்நாடகத்தைக் கடந்து நம் எல்லைக்குள் வந்ததும் முதன்முதலில் தேங்கி நிற்கும் இடம் கெலவரப்பள்ளி அணை. இராத்திரி ஷிப்டு முடிந்து வரும் சிப்காட் தொழிலாளி அந்தப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால், இப்பொழுது பத்திரிகையோடு கைப்பேசியையும் விரிக்கிறான். போனஸ் வரப்போகும் மாதம். குடும்பத்தோடு எங்கே போகலாம் என்ற பேச்சு அடிபடும் காலம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சான் அனுப்பிய படம் ஒன்று சுற்றி வருகிறது. நீலத் தொட்டி, அதிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் எகிறிக் குதிக்கும் ஜீவன், சுற்றிலும் கைதட்டும் கூட்டம்.

"கடலில் திரிவதைக் கொண்டுவந்து தொட்டியில் ஏன் வைக்கிறார்கள்?" என்று ஓர் இளம் தோழர் கேட்டார். சிறு கேள்விதான். ஆனால் சரியான கேள்வி.

கடல் பூங்கா நடத்துவோரைக் கேட்டால் மூன்று பதில் சொல்வார்கள். குழந்தைகளுக்கு அறிவு புகட்டுகிறோம் என்பார்கள். அழியும் இனத்தைக் காக்கிறோம் என்பார்கள். அடிபட்டுக் கரை ஒதுங்கியவற்றுக்கு மருத்துவம் செய்கிறோம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிற்சங்கத்தில் பழகியவன் முதலாளியின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவா என்பான். அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விலை வைத்த நாள்

கறுப்பும் வெள்ளையுமாக, ஓர்க்கா என்று பெயர் பெற்ற பெருந்திமிங்கிலந்தான் இந்த வியாபாரத்தின் மூலதனம். உண்மையில் அது டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது. ஆண் ஓர்க்கா ஐந்து டன்னுக்கு மேல் எடை ஏறும். கூட்டமாக வேட்டையாடும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்துக் கூட்டங்களில், மகனும் மகளும் வாழ்நாள் முழுதும் தாயை விட்டுப் பிரிவதில்லை.

அந்தக் கரையில் மீனவர்கள் ஒரு காலத்தில் இதைக் கண்டால் சுட்டார்கள். மீனைத் தின்கிறது என்ற கோபம். 1964இல் கனடாவின் வான்கூவர் மீன்காட்சிசாலை ஒரு சிலை செய்வதற்காக ஓர்க்கா ஒன்றைக் கொன்று கொண்டுவர ஆள் அனுப்பியது. ஈட்டி பாய்ந்தும் அது சாகவில்லை. உயிரோடு இழுத்து வந்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் இருந்து மாண்டது. ஆனால் அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். மறு வருடம், 1965இல், மீன்வலையில் மாட்டிய இன்னொன்றை சியாட்டில் நகர வியாபாரி ஒருவர் 8,000 டாலருக்கு வாங்கினார். அதுவும் ஓராண்டிலேயே மடிந்தது. மடிந்தால் என்ன? அதற்குள் டிக்கெட் விற்றாகிவிட்டது. நேற்றுவரை தோட்டாவுக்கு இரையானது இன்று விலைச் சரக்காகிவிட்டது.

அப்புறம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? 1970 ஆகஸ்ட் 8ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற கடற்கழியில் வேட்டை நடந்தது. படகுகளாலும் விமானத்தாலும் வெடிகளாலும் விரட்டி, ஏறக்குறைய 80 ஓர்க்காக்களை வளைத்தார்கள். பெரியவற்றை வண்டியில் ஏற்ற முடியாது. தீனிச் செலவும் அதிகம். ஆகையால் குட்டிகளாகப் பொறுக்கி ஏழைப் பிரித்தார்கள். வலையில் சிக்கி ஐந்து மாண்டன. அவற்றில் நான்கு குட்டிகள். செத்தவற்றின் வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, நங்கூரத்தைக் கட்டிக் கடலுக்குள் அமுக்கினார்கள். சில மாதங்களில் அந்தப் பிணங்கள் கரையேறி வந்து சாட்சி சொல்லின.

அறிவு புகட்டுவதற்காகப் பிடித்தவர்கள் பிணத்தை ஏன் மறைக்க வேண்டும்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமேது?

பூங்கா என்னும் பெயர்

இந்தத் தொழிலின் பெரிய பெயர் அமெரிக்காவின் சீ வேர்ல்ட். 1964இல் சான் டியாகோ நகரில் தொடங்கியது. இதன் உடைமை கைமாறிய கதையைக் கேளுங்கள். 1976இல் பாடப்புத்தகம் அச்சிடும் ஹார்கோர்ட் கம்பெனி வாங்கியது. 1989இல் ஆன்ஹைசர்-புஷ் என்ற பீர் கம்பெனியிடம் போயிற்று. 2009இல் பிளாக்ஸ்டோன் என்ற நிதி நிறுவனம் 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2013இல் பங்குச் சந்தைக்கு வந்தது. புத்தகக்காரர், பீர்க்காரர், பணக்காரர்! ஆள் மாறினார்கள், தொட்டி மாறவில்லை.

அந்த பிளாக்ஸ்டோனை நாம் சந்திரமண்டலத்தில் தேட வேண்டியதில்லை. பக்கத்துப் பெங்களூரில் அலுவலகப் பூங்காக்களில் பணம் போட்டுப் பெருக்கிய அதே நிறுவனந்தான். நம் ஊரிலும் தொழிற்பூங்கா உண்டு. பூங்கா என்று பெயர் வைத்துவிட்டால் உள்ளே இருப்பது பூவா, முள்ளா என்று யாரும் கேட்பதில்லை.

53 வருடச் சிறை

பென் கோவில் பிரித்த ஏழு குட்டிகளில் ஒன்று மியாமி நகரக் காட்சிசாலைக்கு விற்கப்பட்டது. லோலிட்டா என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அது வாழ்ந்த தொட்டி 80 அடி நீளம், 35 அடி அகலம், ஆழமான இடத்தில் 20 அடி. நம் ஊர்க் கல்யாண மண்டபக் கூடம் இதைவிடப் பெரிது. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தக்கூடிய பிராணிக்கு அந்த இடம்! கூட இருந்த ஆண் ஓர்க்கா 1980இல் இறந்தது. அதன்பின் நாற்பது வருடத்துக்கு மேல் தன் இனத்தின் முகத்தையே லோலிட்டா பார்க்கவில்லை. கடலுக்குத் திரும்ப அனுப்புவோம் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 18இல் அது செத்தது. வயது சுமார் 57. நமக்காவது 58இல் ஓய்வு என்ற ஒன்று இருக்கிறது.

கெலவரப்பள்ளிக்காரருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் வருடந்தோறும் தளி, ஜவளகிரி வழியாக வந்து சானமாவுக் காட்டில் தங்குவதும், அணைத் தண்ணீரில் இறங்குவதும் நாம் கண்ணால் காண்பவை. ராகிக் கொல்லையை இழந்த விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானது; நஷ்ட ஈட்டை உடனே கொடு என்று சர்க்காரைக் கேட்பதும் நியாயமானது. ஆனால் அந்த விவசாயியே சொல்வார்: யானைக்குப் பாதை உண்டு, அதன் பாட்டி நடந்த தடம் அதற்குத் தெரியும் என்று. யானைக்குத் தரையில் இருக்கும் அந்தத் தடம் ஓர்க்காவுக்குத் தண்ணீரில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ஓர்க்காக் கூட்டம் ஒவ்வொன்றும் தனக்கென ஓசைகளை வைத்திருக்கிறது. தாயிடமிருந்து குட்டி கற்கிறது. ஐஸ்லாந்துக் கடலில் பிடித்ததையும் பசிபிக் கடலில் பிடித்ததையும் ஒரே தொட்டியில் தள்ளினார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூரில் ஒருவர் பாஷையை இன்னொருவர் கற்கச் சந்தை உண்டு, தெரு உண்டு, ஒரே பெஞ்சில் குடிக்கும் டீ உண்டு. அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது? சிமெண்டுச் சுவர்தான் இருக்கிறது.

உயிர் போனது யாருக்கு?

இதுவரை விலங்கின் கதை. இனி தொழிலாளியின் கதை.

திலிகும் என்ற ஆண் ஓர்க்கா 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டது. வயது ஏறக்குறைய இரண்டு. கனடாவில் ஒரு சிறு காட்சிசாலையில் பகலில் வேடிக்கை காட்டியது; இரவில் இருட்டுத் தொட்டியில் அடைபட்டது. 1991இல் அங்கே பகுதிநேர வேலை செய்த ஓர் இளம்பெண் கால் தவறித் தண்ணீரில் விழுந்தாள். அங்கிருந்த மூன்று ஓர்க்காக்களும் அவளைக் கரையேற விடவில்லை. அவள் மாண்டாள். அந்தக் காட்சிசாலை பின்னர் மூடப்பட்டது. ஆனால் திலிகும்? 1992இல் சீ வேர்ல்டுக்கு விற்கப்பட்டது! ஆளைக் கொன்ற இயந்திரத்தைத் துடைத்து அடுத்த பட்டறைக்கு விற்பது போல. காரணமும் உண்டு. ஆண் ஓர்க்கா குட்டி பெருக்கும். திலிகுமின் வழியில் பிறந்த குட்டிகள் 21.

2010 பிப்ரவரி 24ஆம் தேதி, ஆர்லாண்டோ நகரில், டான் பிராஞ்சோ என்ற 40 வயதுப் பயிற்சியாளரை அதே திலிகும் தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரித்தது. ஆபத்து என்று தெரிந்தும் பணியாளரைக் காக்கத் தவறியது கம்பெனி என்று குற்றம் சாட்டி 75,000 டாலர் அபராதம் விதித்தது. கம்பெனி வழக்காடியது. 2012இல் அபராதம் 12,000 டாலராகக் குறைந்தது. ஆனால் காட்சியின்போது தகுந்த தடுப்பில்லாமல் பயிற்சியாளர் ஓர்க்காவை நெருங்கக் கூடாது என்ற கட்டளை நின்றது. அபராதம் குறைந்ததும் கம்பெனி அடங்கிற்றா? இல்லை. மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்தச் சில்லறைப் பணத்துக்காகவா போயிற்று? இல்லவே இல்லை. மனிதனும் திமிங்கிலமும் ஒட்டி நிற்பதுதான் எங்கள் தொழிலின் சாரம், அதைத் தடுத்தால் தொழிலே மாறிவிடும் என்று வாதாடியது. 2014 ஏப்ரலில் மேல் கோர்ட் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது.

தோழர்களே, இந்த வாதத்தை நாம் வேறு எங்கோ கேட்டதில்லையா? பவர் பிரஸ்ஸில் விரலைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. கை உள்ளே போனால் நிற்கும்படி வைத்த சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று கழற்றி வைத்த கதை நாம் அறியாததல்ல. விபத்து நடந்த பிறகு சொல்வார்கள்: தொழிலென்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்று. ஓசூரில் ஒரு குரல், ஆர்லாண்டோவில் ஒரு குரல், ராகம் ஒன்றுதான்.

திலிகும் 2017 ஜனவரியில் தொட்டியிலேயே செத்தது. அதைக் கொலைகாரன் என்றார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அந்தப் பெண்ணையும் அந்தப் பிராணியையும் ஒரே தொட்டியில் எதிரெதிரே நிறுத்திக் காசு பார்த்தது யார் என்றுதான் கேட்போம்.

நம் கரையில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். நம் கரைக்கும் வந்தது. 1990களின் கடைசியில் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், டால்பின் சிட்டி என்ற கேளிக்கைப் பூங்கா பல்கேரியாவிலிருந்து டால்பின்களை இறக்குமதி செய்தது. சில மாதங்களில் அவை ஒவ்வொன்றாய்ச் செத்தன. எதிரே கடல், உள்ளே தொட்டி, தொட்டியில் பிணம்.

அதோடு ஆசை அடங்கவில்லை. கேரளம், மகாராஷ்டிரம் என்று பல இடங்களில் டால்பின் காட்சிசாலைத் திட்டங்கள் கிளம்பின. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2013 மே 17ஆம் தேதி மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் சுற்றறிக்கை விட்டது. வியாபாரக் கேளிக்கைக்காக டால்பின், திமிங்கில இனங்களை இறக்குமதி செய்யவோ பிடித்து வைக்கவோ அனுமதியில்லை என்றது. மிகுந்த அறிவுள்ள இவற்றை மனிதரல்லாத ஆட்களாகக் கருத வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதையும் அதில் எடுத்துக்காட்டியது. நல்ல காரியம் நடந்தால் நல்லது என்று சொல்லும் நேர்மை நமக்கு உண்டு. இது நல்ல காரியம்.

ஆனால் சுற்றறிக்கை வேறு, சட்டம் வேறு. பார்லிமெண்டு போட்ட தொழிலாளர் சட்டங்களையே சுருட்டி மடக்கும் காலம் இது. ஒரு சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கை ஒரே நாளில் தின்றுவிடும். முதலீடு வருகிறது, வேலை வருகிறது, சுற்றுலா வளர்கிறது என்று நாளை ஒருவன் வரைபடத்தோடு வந்து நிற்கலாம். ஆகவே 2013 தடையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பிரிவாக எழுத வேண்டும். இதுதான் நம் கோரிக்கை. கனடா 2019இலேயே சட்டம் செய்தது. பிரான்ஸ் 2021இல் செய்தது. நம்மால் ஏன் முடியாது?

மணப்பாட்டு மீனவர்

கேளிக்கைப் பூங்காவைப் பார்த்தோம். நம் உழைப்பாளியையும் பார்ப்போம். 2016 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் பைலட் திமிங்கிலங்கள் எண்பதுக்கு மேல் கரையேறிக் கிடந்தன. மீனவர்கள் ஓடி வந்தார்கள். இருட்டென்று பாராமல், தொழிலுக்குப் போகும் படகுகளைத் திருப்பி, ஒவ்வொன்றாய்க் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. தோழன் கரையில் கிடக்கும்போது தான் மட்டும் போக மறுக்கும் இனம் அது. மறுபடியும் இழுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. 1973 ஜனவரியிலும் அதே கரையில் இப்படி ஒரு துயரம் நடந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

அங்கே டிக்கெட் இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு நாள் பிடிப்பை இழந்து, டீசலைச் செலவழித்து, குளிர்ந்த தண்ணீரில் நின்று உயிரைக் காக்கப் பாடுபட்டவன் ஏழை மீனவன். திமிங்கிலத்தைக் காப்பது எப்படி என்று கோட்டுப் போட்டவர்கள் அவனிடம் பாடம் கேட்கட்டும்.

இரண்டு கேள்விகள்

மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் திமிங்கிலத்துக்கு அழுவதா என்று சிலர் கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் பசித்தவர் அல்லர். கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்குவதை நாடே படம் பார்த்தது. பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஆற்றில் வந்து சேர்ந்ததன் விளைவு அது. அந்தத் தண்ணீரில் மீன் செத்தபோது, அதே தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சிய விவசாயியும் பாதிக்கப்பட்டான். விலங்கை மதிக்காத இலாபம் மனிதனை மதித்ததாகச் சரித்திரம் இல்லை.

அங்கே வேலை செய்கிறவர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்பது இரண்டாவது கேள்வி. இதுதான் தொழிலாளி கேட்கும் கேள்வி. சிங்கம், புலி, கரடி, குரங்கை சர்க்கஸில் ஆட்டுவிக்க 1998இல் மத்திய சர்க்கார் தடை போட்டது. 2001இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. தடை சரி. ஆனால் கூடாரத்தை நம்பி வாழ்ந்த கலைஞனுக்கு என்ன செய்தார்கள்? விலங்குக்கு விடுதலை கேட்கும்போது கூடவே மனிதனுக்கு மாற்று வேலையும் கேட்பதுதான் நம் வழி. ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்பது அரைகுறை நியாயம்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்வோம். 2018இல் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஒரு விரிகுடாவில் 11 ஓர்க்காக்களும் 87 வெள்ளைத் திமிங்கிலங்களும் விற்பனைக்காக அடைபட்டுக் கிடந்தது வெளியாகி உலகம் அதிர்ந்தது; 2019இல் அவற்றைக் கடலில் விட்டார்கள். வாங்கக் காத்திருந்த சந்தை சீனத்தின் புதிய கடல் பூங்காக்கள். செங்கொடி பறக்கிறது என்பதற்காகத் தொட்டி பெரிதாகிவிடாது. தவறு எங்கே நடந்தாலும் தவறுதான்.

நம் கையில் இருப்பது

2013இல் திலிகுமின் கதை 'பிளாக்ஃபிஷ்' என்ற ஆவணப்படமாக வந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். சீ வேர்ல்டு வாசலில் கூட்டம் குறைந்தது. பங்கு விலை சரிந்தது. 2016 மார்ச்சில், இனி ஓர்க்காவை இனப்பெருக்கம் செய்ய மாட்டோம் என்று கம்பெனியே அறிவித்தது. 2023இல் அபுதாபியில் அதே பெயரில் திறந்த புதிய பூங்காவில் ஓர்க்காவே இல்லை. டால்பின்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன; போராட்டம் முடியவில்லை என்பதற்கு அது அடையாளம்.

ஐம்பது வருடம் அறிவு, பாதுகாப்பு, மருத்துவம் என்று சொன்னவர்கள், டிக்கெட் விற்பனை சரிந்த மூன்றே வருடத்தில் மனம் மாறிவிட்டார்கள்! இளம் தோழரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? டிக்கெட்டுக்காகத்தான் வைத்தார்கள். டிக்கெட் விற்காவிட்டால் வைக்க மாட்டார்கள்.

ஆகவே போனஸ் வாங்கும் தோழனுக்குச் சொல்கிறோம். சுற்றுலா போ, அது உன் உரிமை. குழந்தையைக் கடலுக்கு அழைத்துப் போ, அலையைக் காட்டு, வலை உலர்த்தும் மீனவனோடு பேச விடு. சிங்கப்பூரோ துபாயோ போக நேர்ந்தாலும், டால்பின் குதிக்கும் தொட்டியின் வாசலில் மட்டும் நின்று யோசி. அங்கே நீட்டும் பணம் உன் வியர்வை. சுவரில் மோதித் திரும்பும் ஓர் உயிரின் சிறைக்கு உன் வியர்வை வாடகை கட்ட வேண்டுமா?

வேலைநிறுத்தம் செய்து வென்ற கை நம் கை. வாங்க மறுக்கவும் அந்தக் கைக்குத் தெரியும்.